அமிகாவில் கோப்புகளைப் பொதிவது எதைக்கொண்டு? எல்எச்ஏ, எல்இசட்எக்ஸ், ஜிப், டிஎம்எஸ்: ஓர் ஒப்பீடு

காமடோர் நிறுவனத்தின் பழைய வீட்டுக் கணினியான அமிகா, ஒரு ஃபிளாப்பி வட்டை 80 உருளைகளாகவும், ஒவ்வொரு உருளையிலும் இரண்டு தடங்களாகவும், தடத்துக்குப் 11 பிரிவுகளாகவும் பகுத்து, பிரிவுக்கு 512 பைட் வீதம் எழுதுகிறது. பெருக்கிப் பார்த்தால் 9,01,120 பைட், அதாவது 880 கிலோபைட். அதே வட்டைப் பிசி முறையில் வடிவமைத்தால் கோப்புகளுக்குக் கிடைக்கும் இடம் 7,30,112 பைட் மட்டுமே. பரணிலிருந்து ஓர் அமிகா 500-ஐயோ 1200-ஐயோ இறக்கித் துடைத்து மேசைமேல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு நாளில் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வார்கள். பிசியின் ஃபிளாப்பிக் கட்டுப்படுத்திக்கு அமிகா வட்டைப் படிக்கத் தெரியாது. அமிகாவுக்கோ, அதன் இயக்கமுறைமையான வொர்க்பெஞ்சின் 2.1 பதிப்பு முதல் உடன் வந்த கிராஸ்டாஸ் என்ற நிரல் வழியாக, பிசியின் 720 கிலோபைட் வட்டைப் படிக்கவும் எழுதவும் தெரியும். ஆகவே இரண்டுக்கும் பொதுவான அந்தச் சிறிய வட்டில் ஒரு முழு அமிகா வட்டின் படிமத்தை, அதாவது அதன் எல்லாப் பைட்டுகளையும் கொண்ட நகலை, ஏற்ற வேண்டுமானால் அதை ஏறத்தாழ 19 விழுக்காடாவது சுருக்கியாக வேண்டும்.

சுருக்குவதற்கு நிரல்கள் பல இருக்கின்றன. அவற்றுள் இன்றும் ஒருவர் உண்மையில் தேர்ந்தெடுக்கக்கூடியவை நான்குதான்: எல்எச்ஏ, எல்இசட்எக்ஸ், ஜிப், டிஎம்எஸ். ஆர்க், சூ போன்ற முந்தைய நிரல்களில் பொதிந்த பழைய கோப்புகள் எங்கேனும் கண்ணில் பட்டால் அவற்றைப் பிரித்துப் பார்க்கலாமே தவிர, புதிதாக எதையும் அவற்றில் பொதியக் காரணம் இல்லை. இந்த நான்கையும் ஒப்பிடுபவர்கள் வழக்கமாக எது அதிகம் சுருக்குகிறது என்ற ஒரே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள். 7 மெகாஹெர்ட்ஸ் செயலியும் ஒரு மெகாபைட் நினைவகமும் கொண்ட கணினியில் அந்த அளவுகோல் பாதி வழியிலேயே கைவிட்டுவிடும் என்பது என் எண்ணம். பொதி எந்தக் கணினியில், எவ்வளவு நினைவகத்தில், யார் கையால் பிரிக்கப்படும் என்பதை முதலில் கேட்டுவிட்டால், எதில் பொதிவது என்பதற்குப் பெரும்பாலும் தானாகவே விடை கிடைத்துவிடும்.

நினைவகமும் நேரமும்

1987-இல் வந்த அமிகா 500-இல் மோட்டரோலா 68000 செயலி ஐரோப்பியப் பதிப்பில் 7.09 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. நினைவகம் 512 கிலோபைட். கணினியின் வயிற்றுப்புற மூடியைத் திறந்து இன்னொரு 512 கிலோபைட்டைச் செருகிக்கொண்டவர்கள் பலர். 1992 அக்டோபரில் வந்த அமிகா 1200-இல் 68020 வகைச் செயலி 14 மெகாஹெர்ட்ஸிலும் நினைவகம் 2 மெகாபைட்டாகவும் உயர்ந்தன. இந்த இரண்டு கணினிகளுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

மேலே சொன்ன நான்கு நிரல்களின் அடிப்படையும் ஏறத்தாழ ஒன்றுதான். 1977-இல் ஜேக்கப் ஸிவ், ஆபிரகாம் லெம்பல் ஆகிய இருவர் வகுத்த வழியில், ஏற்கெனவே கடந்துவந்த தரவில் இதே பைட் வரிசை முன்பு எங்கேனும் வந்திருக்கிறதா என்று நிரல் பின்னோக்கித் தேடுகிறது. வந்திருந்தால் அந்த வரிசையை மறுபடி எழுதாமல், 'இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை பைட்டை எடுத்துக்கொள்' என்ற சுட்டலை மட்டும் எழுதுகிறது. பின்னர் அடிக்கடி வரும் குறிகளுக்குக் குறைந்த பிட்டுகளையும் அரிதாக வருபவற்றுக்குக் கூடுதல் பிட்டுகளையும் ஒதுக்கும் ஹஃப்மன் முறையால் அது இன்னொரு முறை இறுக்கப்படுகிறது. பின்னோக்கித் தேடக்கூடிய தொலைவைச் சாளரம் என்பார்கள். சாளரம் பெரிதானால் பொருத்தங்கள் கூடுதலாகக் கிடைக்கும். தேடும் நேரமும் நினைவகத் தேவையும் கூடவே ஏறும்.

இந்த முறையில் ஒரு சமனின்மை உண்டு. பொதியும்போதுதான் தேடல் நடக்கிறது. பிரிக்கும்போது சுட்டப்பட்ட இடத்திலிருந்து நகலெடுப்பதைத் தவிரப் பெரிய வேலை இல்லை. அதனால்தான் அமிகா 500-இல் ஒரு வட்டு முழுவதையும் பொதிய நிமிடக் கணக்கில் காத்திருக்க நேர்ந்தாலும், அதே பொதி பிரிவது பொறுத்துக்கொள்ளக்கூடிய வேகத்தில் முடிந்துவிடுகிறது. ஒருமுறை பொதிந்து பலமுறை பிரிப்பவருக்கு இது நல்ல பேரம். அன்றாடம் காப்புப்படி எடுப்பவருக்கு, பொதிவதுதான் மிகுதியாக நடக்கும் வேலை என்பதால், இதே பேரம் தலைகீழாகிவிடும்.

நினைவகத்தைப் பொறுத்தவரை இன்னொரு பொறி இருக்கிறது. அமிகாவின் ராம் டிஸ்க் தேவைக்கேற்ப வீங்கும் ஒரு தற்காலிக வட்டு; அது வீங்குவது பொதி நிரலுக்கு வேண்டிய அதே நினைவகத்தைத் தின்றுதான். 300 கிலோபைட் பொதியை ராம் டிஸ்கில் வைத்து, 600 கிலோபைட்டாக அங்கேயே பிரிக்க முயன்றால் 900 கிலோபைட் அதற்கே போய்விடும். இயக்கமுறைமைக்கும் நிரலுக்கும் எஞ்சுவது கொஞ்சம்தான் என்பதால், ஒரு மெகாபைட் அமிகாவில் அந்த முயற்சி நடுவழியில் நின்றுவிடும். ஒரே ஃபிளாப்பி டிரைவ் மட்டும் இருந்தால், நிரல் இருக்கும் வட்டு, பொதி இருக்கும் வட்டு, பிரித்து வைக்க வேண்டிய வட்டு என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் செருகச் சொல்லி அமிகா கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தொல்லையைக் குறைக்க, நிரலை மட்டும் ராம் டிஸ்குக்கு நகலெடுத்து அங்கிருந்து இயக்குவது நல்லது. நிரல் சிறியதாக இருப்பது எவ்வளவு பெரிய தகுதி என்பது அப்போதுதான் புரியும்.

எல்எச்ஏ

ஜப்பானில் ஹருயாசு யோஷிஸாகி 1988-இல் எம்எஸ்டாஸுக்காக எழுதிய எல்எச்ஆர்க் என்ற நிரலின் கோப்பு வடிவமே அமிகாவின் எல்எச்ஏவுக்கு மூலம். அமிகாவுக்கு எல்எச்ஏவை எழுதியவர் ஸ்டெஃபான் போபெர்க். முதலில் எல்எச்1 என்ற சுருக்கமுறையும் 4 கிலோபைட் சாளரமும் இருந்தன. பின்னர் வந்த எல்எச்5 முறையில் சாளரம் 8 கிலோபைட் ஆனது. இன்று அமிகா உலகில் எல்எச்ஏ பொதி என்றால் பெரும்பாலும் எல்எச்5 முறையில் பொதிந்ததுதான்.

அதன் முதல் வலிமை சுருக்க அளவில் இல்லை. 1992-இல் சுவிட்சர்லாந்து மாணவர் உர்பன் முல்லர் தொடங்கிய அமிநெட் என்னும் கோப்புக் களஞ்சியம், எல்எச்ஏ பொதியோடு ஒரு சிறிய விளக்கக் கோப்பும் என்ற வழக்கத்தை நிலைநாட்டியது. அங்கே பல்லாயிரக்கணக்கில் குவிந்துள்ள நிரல்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வடிவத்தில்தான் உள்ளன. ஆகவே எல்எச்ஏ இல்லாத அமிகா, அமிகாவாகவே இருந்தாலும், அமிகா உலகத்தோடு பேசிக்கொள்ள முடியாத ஒன்று. வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதையும் வைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்னும்போது, ஒப்பீடு தொடங்குவதற்கு முன்பே எல்எச்ஏ ஓரடி முன்னால் நிற்கிறது.

இரண்டாவது வலிமையே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அமிகாவில் ஒரு கோப்பு என்பது அதன் பைட்டுகள் மட்டுமல்ல. ஒவ்வொரு கோப்புக்கும் காப்புக் குறிகள் உண்டு: படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம், அழிக்கலாம் என்பவற்றோடு, இது கட்டளைகளின் பட்டியல் என்று சொல்லும் ஸ்கிரிப்ட் குறியும், நினைவகத்தில் ஒரே நகலாக நிலைநிறுத்திப் பலமுறை பயன்படுத்தலாம் என்று சொல்லும் ப்யூர் குறியும் உண்டு. 79 எழுத்துவரை கோப்போடு ஒட்டி எழுதி வைக்கக்கூடிய குறிப்பும் உண்டு. உரிய விருப்பத் தேர்வுகளைக் கொடுத்துப் பொதிந்தால் எல்எச்ஏ இவற்றையும் சேர்த்தே கொண்டுபோகும். அந்தப் பொதியைப் பிசியில் பிரித்து, பிரிந்த கோப்புகளை மெமரி கார்டு வழியாக அமிகாவுக்கு நகலெடுப்பவர் இந்தக் குறிகளை வழியில் தொலைத்துவிடுகிறார். பிறகு கணினி தொடங்கும்போது இயங்க வேண்டிய ஸ்கிரிப்ட் இயங்க மறுக்கும். காரணம் தேடி ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

பெயர்களிலும் இதே கதைதான். கிராஸ்டாஸ் கையாளும் பிசி வட்டில் கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்தும் பின்னொட்டுக்கு மூன்று எழுத்தும்தான் இடம். அமிகா 30 எழுத்துப் பெயர்களை ஏற்கும். அதன் படவுருக் கோப்புகள் எல்லாவற்றுக்கும் 'இன்ஃபோ' என்ற நான்கெழுத்துப் பின்னொட்டு வேறு. பொதியாமல் நேரடியாக நகலெடுத்தால் பின்னொட்டின் கடைசி எழுத்து வெட்டுப்பட்டு, படவுருக்கள் எல்லாம் மறைந்துபோகும். நவீன விண்டோஸில் பெயரின் நீளம் தடையில்லை என்றாலும் அதன் தடைகள் வேறு. கேள்விக்குறியும் நட்சத்திரக் குறியும் அமிகாவில் பெயருக்குள் வரலாம், விண்டோஸில் வரக் கூடாது. வொர்க்பெஞ்சின் ஸ்டோரேஜ் கோப்புறைக்குள் இருக்கும் 'ஆக்ஸ்' என்ற சிறு கோப்பை விண்டோஸ் உருவாக்கவே விடாது; டாஸ் காலத்திலிருந்து அந்தப் பெயர் ஒரு சாதனத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சிக்கல்கள் அனைத்துக்கும் ஒரே தீர்வு, அமிகாவிலேயே பொதிந்து, எட்டெழுத்துக்குள் ஒரு பெயர் கொடுத்து, பொதியாகவே எடுத்துச் சென்று, அமிகாவிலேயே பிரிப்பது. அப்போது பிசி ஒரு சுமைவண்டி மட்டுமே. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்க்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. எல்எச்ஏ ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்குவதால், ஒரு கோப்பில் கற்றது அடுத்த கோப்புக்குப் பயன்படுவதில்லை. நூறு சிறிய படவுருக் கோப்புகள், ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருந்தாலும், ஒவ்வொன்றும் வெற்றுச் சாளரத்தோடுதான் தொடங்கும். பிழையைக் கண்டுபிடிக்க அது வைத்திருப்பது 16 பிட் சரிபார்ப்புத் தொகை. தற்செயலாகச் சிதைந்த ஒரு கோப்பு சோதனையில் தப்பிவிட 65,536-இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இது அன்றாடப் பயன்பாட்டில் கவலைப்படத்தக்க அளவு அன்று என்றாலும், எல்இசட்எக்ஸும் ஜிப்பும் 32 பிட் தொகையைப் பயன்படுத்துவதைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. உட்கோப்புறைகளையும் சேர்த்துப் பொதியும்படி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது புதிதாக வருபவர்கள் தவறாமல் சறுக்கும் இடம். பொதி எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியதாக வந்துவிட்டால் அதைச் சுருக்கத்தின் வெற்றியாக எண்ணி மகிழ்வதற்கு முன், உள்ளடக்கப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எல்இசட்எக்ஸ்

கனடாவின் ஜோனதன் ஃபோர்ப்ஸும் டோமி பூட்டனனும் 1995-இல் வெளியிட்ட எல்இசட்எக்ஸ் இந்தக் குறைகளில் இரண்டை நேரடியாகத் தீர்க்கிறது. அதன் சாளரம் 64 கிலோபைட். சரிபார்ப்புத் தொகை 32 பிட். பல கோப்புகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்துச் சுருக்குவதால், படவுருக்களும் சிறு உரைக் கோப்புகளும் நிறைந்த கோப்புறையில் எல்எச்ஏவைவிடத் தெளிவாகவே சிறிய பொதியைத் தருகிறது. இந்த முறை அமிகாவோடு நின்றுவிடவில்லை. ஃபோர்ப்ஸ் பின்னர் மைக்ரோசாஃப்டில் சேர, எல்இசட்எக்ஸின் ஒரு வடிவம் விண்டோஸின் கேப் கோப்புகளுக்கும் சிஎச்எம் உதவிக் கோப்புகளுக்கும் உள்ளே போய் உட்கார்ந்தது. அமிகாவின் பெயரையே கேள்விப்படாத கோடிக்கணக்கானவர்களின் கணினியில் அதன் வழித்தோன்றல் வேலை செய்திருக்கிறது என்பது அமிகா அன்பர்களுக்கு ஒரு சிறிய பெருமை. காமடோர் 1994 ஏப்ரலிலேயே மூடப்பட்டுவிட்டது என்பதை நினைத்தால், சற்றே கசப்பான பெருமை.

ஆனால் சேர்த்துச் சுருக்குவதற்கு விலை உண்டு. தொகுப்பின் கடைசிக் கோப்பு ஒன்று மட்டும் வேண்டுமென்றாலும் அதற்கு முன்னுள்ள எல்லாவற்றையும் நிரல் மனத்துக்குள் பிரித்துக்கொண்டே போக வேண்டும். 68000 செயலியில் அந்தக் காத்திருப்பு உறைக்கும். இதைவிடக் கடுமையானது பழுதின் பரவல். எல்எச்ஏ பொதி இருக்கும் ஃபிளாப்பியில் ஒரு பிரிவு கெட்டால் பெரும்பாலும் அந்த இடத்திலுள்ள கோப்பு மட்டும் போகும். எல்இசட்எக்ஸ் பொதியிலோ கெட்ட இடத்துக்குப் பின்னால் அந்தத் தொகுப்பில் உள்ள அனைத்தும் போய்விடும். முப்பது ஆண்டு பழைய காந்தப் பூச்சில் எழுதப்போகிற ஒருவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 32 பிட் சரிபார்ப்பு, கெட்டது என்பதைத் துல்லியமாகச் சொல்லுமே தவிரக் கெட்டதை மீட்டுத் தராது.

பொதியை வேறு கணினியில் திறக்கும் நிலைமையும் சமமாக இல்லை. எல்எச்ஏ பொதியை விண்டோஸில் செவன்-ஜிப் திறக்கும். லினக்ஸில் லாசா என்ற சிறு நிரல் திறக்கும். எல்இசட்எக்ஸைத் திறக்க அன்எல்இசட்எக்ஸ் போன்ற தனி நிரல்களையோ, மேக்கில் தி அன்ஆர்கைவர் போன்றவற்றையோ தேடிப் போக வேண்டும். அமிகா 1200-இல் வேகமுடுக்கிப் பலகையும் கூடுதல் நினைவகமும் பொருத்தி, ஹார்ட் டிஸ்கில் இடம் போதாமல் தவிப்பவருக்கு எல்இசட்எக்ஸ் தகுந்த தேர்வுதான். சாதாரண அமிகா 500 உரிமையாளருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பிறர் தரும் பொதிகளைப் பிரிக்க மட்டும் அவர் அதை ஓர் ஓரத்தில் வைத்திருக்கலாம்.

ஜிப்

ஜிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இன்ஃபோ-ஜிப் குழுவின் ஜிப், அன்ஜிப் நிரல்கள் அமிகாவுக்கும் கிடைக்கின்றன. 32 கிலோபைட் சாளரம், 32 பிட் சரிபார்ப்பு, உலகில் எந்தக் கணினியும் திறக்கும் வடிவம் ஆகியவை அதன் தகுதிகள். அமிகாவில் எழுதிய கட்டுரையையோ வரைந்த படத்தையோ அமிகா இல்லாத நண்பருக்கு அனுப்பும்போது ஜிப் போதும். அவருக்குக் காப்புக் குறியும் படவுருவும் எதற்கு? அமிகாவின் நிரல்களையும் கோப்புறைகளையும் அமிகாவுக்கே திரும்பக் கொண்டுவரும் வேலைக்கு அதை, குறிப்பாகப் பிசியில் உருவாக்கிய ஜிப்பை, பயன்படுத்த வேண்டாம் என்பதற்கான காரணங்கள் மேலேயே வந்துவிட்டன.

டிஎம்எஸ்

இதுவரை சொன்னவை மூன்றும் கோப்புகளைப் பொதிபவை. எஸ்டிஎஸ் சாஃப்ட்வேர் பெயரில் வந்த டிஸ்க் மாஷர் சிஸ்டம், சுருக்கமாக டிஎம்எஸ், வட்டையே பொதியும் நிரல். கோப்பு என்றால் என்ன என்றே அதற்குத் தெரியாது. முதல் தடத்திலிருந்து கடைசித் தடம்வரை படித்து, தடம் தடமாகச் சுருக்கி, ஒரே கோப்பாக்கிவிடும்.

இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். நொடிக்கு 2,400 பிட் வேகமுள்ள மோடம், ஒரு பைட்டுக்குப் பத்துப் பிட் வீதம், நொடிக்கு 240 பைட்டை அனுப்பும். 9,01,120 பைட் கொண்ட வட்டுப் படிமத்தை அப்படியே அனுப்ப ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். அதுவும் தொலைபேசிக் கட்டணம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டிருக்கும் நாடுகளில். ஐரோப்பாவின் அமிகா பயனர்கள் தங்கள் டெமோ வட்டுகளை, மோடத்தால் அழைத்து இணையும் தகவல் பலகைகள் வழியாகப் பரிமாறிக்கொண்ட காலத்தில், பாதியாகச் சுருக்கினால் பாதிக் கட்டணம். அன்றைக்கு டிஎம்எஸ் செய்தது பெரிய உதவி.

இன்றைக்கு? வட்டைப் பொதிவதா, கோப்புகளைப் பொதிவதா என்ற கேள்விக்கு வொர்க்பெஞ்ச் திரையே பாதி விடை சொல்லிவிடும். வட்டைச் செருகியதும் அதன் பெயரோடு படவுரு தோன்றினால் அதில் கோப்பமைப்பு இருக்கிறது. கோப்புகளை எல்எச்ஏவால் பொதியலாம். 'டிஎஃப்0: என்டாஸ்' என்று தோன்றினால், அந்த வட்டில் அமிகா இயக்கமுறைமைக்குப் புரியும் கோப்பமைப்பு இல்லை என்று பொருள். விளையாட்டுகள் பல இப்படித் தங்களுக்கென்று ஓர் ஏற்றியை எழுதிக்கொண்டு தரவைத் தடங்களில் நேரடியாக வைத்திருந்தன. அவற்றில் எல்எச்ஏவுக்குப் பொதிய ஒன்றுமே இல்லை. கோப்பமைப்பு உள்ள வட்டிலும்கூட முதல் இரண்டு பிரிவுகளான 1,024 பைட் தொடக்கப் பகுதி எந்தக் கோப்பிலும் சேராது. வட்டு தானாகத் தொடங்க வேண்டுமானால் அது வேண்டும். கோப்புகளை மட்டும் பொதிந்தால் அது விட்டுப்போகும். ஆகவே அப்படியே தொடங்க வேண்டிய வட்டுகளுக்கு முழுப் படிமம்தான் வழி.

ஆனால் முழுப் படிமம் வேண்டும் என்பதாலேயே டிஎம்எஸ் வேண்டும் என்றாகிவிடாது. முதலாவதாக, அது நிலையான அமிகா தடங்களை மட்டுமே படிக்கும். நகல் தடுப்புக்காக விபரீதமாக எழுதப்பட்ட தடம் ஒன்று குறுக்கிட்டால் அங்கேயே நின்றுவிடும். அத்தகைய வட்டுகளுக்குக் காந்த மாற்றங்களையே பதிவுசெய்யும் கிரீஸ்வீசல், கிரையோஃப்ளக்ஸ் போன்ற கருவிகள்தான் ஏற்றவை. இரண்டாவதாக, வட்டில் அழிக்கப்பட்ட கோப்புகளின் மிச்சங்கள் காலியிடத்தில் அப்படியே கிடக்கும். டிஎம்எஸ் அந்தக் குப்பையையும் பத்திரமாகச் சுருக்கி வைக்கும். மூன்றாவதாக, பொதியிலிருந்து ஒரு கோப்பு வேண்டுமென்றாலும், டிஎம்எஸ் அதை ஒரு முழு வட்டில் எழுதித்தான் கொடுக்கும். சோனி நிறுவனமே 2011 மார்ச்சோடு ஜப்பானில் ஃபிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்ட பிறகு, நல்ல வெற்று வட்டு ஒன்றை இதற்காகச் செலவழிக்க மனம் வருவதில்லை.

இதற்கு மாற்று, சுருக்கப்படாத ஏடிஎஃப் படிமம். தலைப்புப் பகுதிகூட இல்லாமல், வட்டில் உள்ள 9,01,120 பைட்டையும் வரிசையாக அப்படியே வைத்திருக்கும் கோப்பு அது. பிசியில் அமிகாவைப் போலச்செய்யும் நிரல்களான வின்யூஏஇ, எஃப்எஸ்-யூஏஇ ஆகியவை டிஎம்எஸ் பொதியையும் திறக்கும் என்றாலும், ஃபிளாப்பி டிரைவுக்குப் பதிலாகப் பொருத்தும் கோடெக் கருவி ஏடிஎஃப் கோப்பைத்தான் எதிர்பார்க்கிறது. பிசியின் ஹார்ட் டிஸ்கில் 880 கிலோபைட் ஓர் இடமே அன்று. வருங்காலத்துக்காகச் சேமிப்பவர் சுருக்காமல் வைப்பதே மேல் என்ற முடிவு, சுருக்க நிரல்களை ஒப்பிடும் கட்டுரையில் வருவது வேடிக்கைதான். ஆனால் சுருக்கம் என்பது குறுகலான வழிக்காகத்தானே ஒழிய, அகலமான அறைக்காக அன்று.

அந்தக் குறுகலான வழி இன்னும் இருக்கும் இடத்தில் டிஎம்எஸ் பயன்படும். தொடக்கத்தில் சொன்ன 720 கிலோபைட் வட்டு அப்படிப்பட்ட ஒன்று. சீரியல் கம்பியும் அப்படித்தான்: 19,200 பிட் வேகத்தில் ஒரு முழுப் படிமம் அமிகா 500-க்குப் போய்ச்சேர ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆகும், பாதியாகச் சுருக்கினால் நான்கு நிமிடம். ஆனால் எல்லா வட்டும் பாதியாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. விளையாட்டு வட்டுகளில் உள்ள தரவு பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதில் 19 விழுக்காடு கூடக் குறையாமல், பிசி வட்டில் ஏற மறுக்கும் படிமங்கள் உண்டு.

ஏற்கெனவே சுருக்கப்பட்டது என்றதும் பவர்பேக்கரைப் பற்றி ஒரு சொல். பெல்ஜியத்தின் நிக்கோ ஃபிரான்ஸ்வா எழுதிய இந்த நிரல் பொதி நிரல் அன்று. ஓர் இயங்குகோப்பைச் சுருக்கி, அது இயக்கப்படும்போது நினைவகத்தில் தானே விரிந்துகொள்ளும்படி செய்வது. விரியும் அந்தச் சில நொடிகளில் திரையில் வண்ணப் பட்டைகள் துடிப்பதை அமிகா வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஃபிளாப்பியிலிருந்து நொடிக்கு அதிகபட்சமாக 28 கிலோபைட் போலத்தான் படிக்க முடியும் என்பதால், சிறிய கோப்பைப் படித்து விரிப்பது பெரிய கோப்பை அப்படியே படிப்பதைவிடச் சில வேளைகளில் விரைவாகவே முடிந்தது. தொடக்க வட்டு ஒன்றில் இரண்டு கருவிகளைக் கூடுதலாகத் திணிக்க விரும்புபவருக்கு இன்றும் இது உதவும். அப்படிச் சுருக்கிய கோப்புகளை மறுபடி எல்எச்ஏவில் போட்டால் அளவு குறையாது. பொதிந்து அனுப்பப்போகும் கோப்பைச் சுருக்காமல் விட்டுவைப்பதே நல்லது.

எனில், யாருக்கு எது?

விரிவாக்கம் இல்லாத அமிகா 500-க்கு எல்எச்ஏ, வேறெதுவும் வேண்டாம். ராம் டிஸ்கில் பிரிக்காமல் இரண்டாவது டிரைவிலோ வெற்று வட்டிலோ பிரிக்கப் பழகிக்கொள்வது நல்லது. ஹார்ட் டிஸ்கும், பக்கவாட்டுப் பிசிஎம்சிஐஏ துளையில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் உள்ள அமிகா 1200-க்கும் அன்றாட வேலைக்கு எல்எச்ஏதான். அந்தக் கார்டில் இடம் தாராளமாக இருப்பதால், எல்இசட்எக்ஸ் மிச்சப்படுத்தும் சில கிலோபைட்டுக்கு முன்பிருந்த மதிப்பு இப்போது இல்லை. வேகமான செயலி இருந்து, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டியவர் மட்டும், பொதியின் இரண்டு நகல்களை வெவ்வேறு இடத்தில் வைக்கும் உறுதியோடு, எல்இசட்எக்ஸுக்குப் போகலாம். பழைய வட்டுகளைப் பாதுகாக்க விரும்புபவர், பெயர் தோன்றும் வட்டானாலும் என்டாஸ் வட்டானாலும், ஏடிஎஃப்பாக எடுத்துப் பிசியில் வைப்பது போதும். பிறரிடமிருந்து வரும் டிஎம்எஸ் பொதிகளையும் ஒருமுறை ஏடிஎஃப்பாக மாற்றிவிட்டால் பின்னால் தொல்லை இல்லை. எக்ஸ்டிஎம்எஸ் என்ற இலவச நிரல் அதைப் பிசியிலேயே செய்துவிடும்.

எதில் பொதிந்தாலும், மூல வட்டை அழிப்பதற்கு முன், நிரலுக்குள்ளேயே உள்ள சோதனைக் கட்டளையை இயக்கிப் பார்க்க வேண்டும். பொதியை எழுதிய உடனே சோதித்தால் போதாது. அது போய்ச்சேர்ந்த வட்டிலிருந்தோ கார்டிலிருந்தோ, முடிந்தால் அமிகாவை ஒருமுறை அணைத்துப் போட்டபின், சோதிக்க வேண்டும். பொதியின் சரிபார்ப்புத் தொகை, பொதிந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததற்குத்தான் சாட்சி. வட்டில் எழுதப்பட்டது அதுவேதானா என்பதை மறுபடி படித்தால்தான் அறிய முடியும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். எல்எச்ஏவை இறக்கிக்கொள்ளப் போனால் அதுவே எல்எச்ஏ பொதியாக இருந்தால் என்ன செய்வது? பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய கதை அது. இதற்காகவே அமிநெட்டில் அது தானே பிரிந்துகொள்ளும் இயங்குகோப்பாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்பை 720 கிலோபைட் வட்டிலோ கார்டிலோ கொண்டுவந்து, ராம் டிஸ்குக்கு நகலெடுத்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஷெல் சாளரத்தில் அதன் பெயரைத் தட்டினால் நிரல் வெளியே வரும்; அதை வொர்க்பெஞ்ச் வட்டின் 'சி' கோப்புறைக்கு நகலெடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கிராஸ்டாஸ் இல்லாத 1.3 பதிப்பு அமிகா 500 என்றால், கிரீஸ்வீசல் வைத்திருக்கும் ஒருவரிடம் எல்எச்ஏ உள்ள ஏடிஎஃப் ஒன்றை உண்மையான அமிகா வட்டாக எழுதித் தரச் சொல்லிக் கேட்பதுதான் குறைந்த அலைச்சல்.